பினாங்கில் ஒரு ஜாகை

பிரயாணத்துக்குப் புறப்படுகிறவன் வழிச்செலவுக்குப் பணமும் மாற்று வேஷ்டியும் எடுத்து வைப்பதற்கு முன்பாகவே, போகிற ஊரில் ஜாகை எங்கே என்ற கேள்வியைத் தீர்த்துக்கொள்ள வேண்டியவனாயிருக்கிறான். சத்திரமும் சாவடியும் தர்மமாக நடந்துவந்த காலத்தில் அதற்கு விடை சுலபமாயிருந்தது. அவை நொடித்துப்போனபின் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே லாட்ஜுகள் எழுந்தன. லாட்ஜுகளுக்கு மேலே, கோயம்புத்தூரானாலும் கொரியாவானாலும் ஒரே மாதிரிக் கட்டிலும் ஒரே மாதிரித் திரைச்சீலையும் ஒரே மாதிரிச் சில்லிப்பும் கொண்ட நட்சத்திர ஹோட்டல்கள் எழுந்தன. அதில் அலுத்துப்போனவர்களுக்காக, லண்டனில் 1978-ஆம் ஆண்டு திறந்த பிளேக்ஸ் என்ற விடுதியும், நியூயார்க்கில் 1984-ஆம் ஆண்டு திறந்த மார்கன்ஸ் என்ற விடுதியும் வேறொரு வழியைக் காட்டின: அறைகள் கொஞ்சம், ஒவ்வோர் அறைக்கும் ஒரு தனிக் குணம், முதலாளியின் ரசனை கண்ணில் படும்படியான அலங்காரம், வருகிறவரைப் பெயர் சொல்லி அழைக்கும் உபசாரம். இன்று உலகமெங்கும் பூட்டிக் ஹோட்டல் என்று வழங்குவது இதுதான். நம் பக்கத்துக் காரைக்குடி பங்களாவும் கானாடுகாத்தான் விசாலமும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. ஆனால் இவ்வகை விடுதி தெருத் தெருவாகப் பரவி ஒரு பழைய பட்டணத்தின் தலையெழுத்தையே மாற்றிய கதையை அறிய வேண்டுமானால், கடல் கடந்து பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனுக்குத்தான் போக வேண்டும்.

கெடா சுல்தானுக்குரியதாயிருந்த அந்தத் தீவில், கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் பிரான்சிஸ் லைட் என்ற கப்பல் தலைவன் 1786-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் தேதி கொடியேற்றினான். அவன் கோடு போட்டு வகுத்த தெருக்களில் ஒன்றுக்குச் சூலியா தெரு என்று பெயர். சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம் வணிகர்களை அந்நாளைய வெள்ளைக்காரர் அவ்விதமே அழைத்தார்கள். அவ்வணிகர்களின் தலைவராயிருந்த காதர் மொகிதீன் 1801-இல் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், குயீன் தெருவில் 1833-இல் கோயிலாக அமைந்த மகாமாரியம்மன் சந்நிதியும், நாகூர் ஆண்டவர் பெயரால் அமைந்த தர்காவும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்திலேயே இருக்கின்றன. ஊரின் சாலைகளையும் சர்க்கார் கட்டடங்களையும் உருவாக்கிய கைகளில், 1790 முதற்கொண்டு கம்பெனியார் கப்பலேற்றிக் கொண்டுபோன இந்தியக் கைதிகளின் கைகளும் உண்டு என்பதைச் சுற்றுலாப் பிரசுரங்கள் அவ்வளவு உரக்கச் சொல்லுவதில்லை. மார்க்கெட் தெருவைத் தமிழர் கடைத்தெரு என்றும், பினாங்குத் தெருவைக் கிட்டங்கித் தெரு என்றும் சொல்லி வந்தார்கள்.

அந்தக் கிட்டங்கிகளைப் பற்றி ஒரு வார்த்தை. வட்டித்தொழிலுக்கு வந்த நகரத்தார், வீதிமுகம் குறுகி உள்ளே நீண்டு செல்லும் ஒரு வீட்டைப் பல கடைக்காரர்களாகச் சேர்ந்து பிடித்துக்கொள்வார்கள். ஆளுக்கொரு சாய்வுப் பெட்டி, அதன் பின்னால் ஒரு பாய், சுவரோரம் ஓர் இரும்புப் பெட்டி. பகலில் அந்தப் பாயிலிருந்தபடியே லட்சக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் நடக்கும். இரவில் கணக்கு மூடியதும் அதே இடத்தில் தலையைச் சாய்த்துவிடுவார்கள். குடும்பம் ஊரில், சாப்பாடு பொதுச் சமையல், மூன்று வருஷத் தவணை முடிந்தால் கப்பல். அந்தமாதிரி வீடு ஒன்றில், இன்றைக்கு ஓர் இரவு படுத்தெழுந்திருக்கச் சில நூறு வெள்ளி கேட்கிறார்கள். (மலேசியத் தமிழர் ரிங்கிட்டை வெள்ளி என்றே சொல்லுகிறார்கள், நாணயம் மாறினாலும் நாக்கு மாறவில்லை.)

மலையடிவாரத்திலுள்ள எங்கள் தேவாரம், போடி வட்டாரத்தார் கப்பலேறியதைவிட மலையேறியதே அதிகம். 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ரஜுலா என்ற கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து ஜனங்களைப் பினாங்குக்கு ஏற்றிச் சென்றுகொண்டிருந்த நாட்களில், எங்கள் முன்னோர் சாக்குலூத்து மெட்டு வழியாக ஏலக்காட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். இரண்டு திசையிலும் முன்னே சென்றவர் கங்காணி. இரண்டு திசையிலும் பின்னே சென்றவர்களுக்கு ஜாகை என்றால் தோட்டத்து வரிசை வீடான லயம். ஆகையால், பினாங்கில் வரவேற்பு மேஜையருகே குளிர்ந்த ஜாதிக்காய்ச் சாற்றை ஒரு சிறு கண்ணாடிக் குவளையில் நீட்டியபோது, ஏலக்காயும் கிராம்பும் மிளகும் மணக்கிற ஊரில் வளர்ந்த மூக்குக்கு அது அந்நியமாகப் படவில்லை. அந்தத் தீவிலும் ஒரு காலத்தில் மிளகும், பிறகு ஜாதிக்காயும் கிராம்பும் பெருந்தோட்டங்களாயிருந்து, 1860-ஆம் ஆண்டையொட்டி ஜாதி மரங்களில் நோய் கண்டு அழிந்துபோயின என்பது சரித்திரம்.

இனி வீட்டைப் பார்ப்போம். ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடு தெருப்பக்கம் பதினைந்து இருபதடி அகலந்தான் இருக்கும். உள்ளே நூறடிக்கு மேலும் நீண்டுகொண்டே போகும். கீழே வியாபாரம், மேலே குடித்தனம். வீட்டுக்கு முன்னால், வெயிலும் மழையும் படாமல் நடப்பதற்காக, மாடியின் கீழே ஐந்தடி அகலத்தில் ஒரு நடை விட்டிருப்பார்கள். சிங்கப்பூரில் ராபிள்ஸ் துரை 1822-இல் விதித்த இந்த ஏற்பாடு பினாங்கிலும் வேரூன்றிவிட்டது. வலப்புறமும் இடப்புறமும் அண்டை வீட்டோடு பொதுச் சுவராகையால் ஜன்னல் வைக்க இடமில்லை. அந்தக் குறையைத் தீர்க்க வீட்டின் நடுவே ஓரிடத்திலோ ஈரிடத்திலோ கூரையைத் திறந்து முற்றம் வைத்தார்கள். வீட்டுக்குள் சூடேறிய காற்று அந்தத் திறப்பு வழியே மேலெழும்பிப் போக, தெருவாசலின் அரைக்கதவு வழியே புதுக்காற்று உள்ளே நுழைகிறது. மின்விசிறி வராத காலத்தில் வீடு மூச்சு விட்டது இப்படித்தான். செட்டிநாட்டு வீட்டின் அகன்ற முற்றத்தைப் பார்த்த கண்ணுக்கு இது சற்றுக் குறுகலாகவே தோன்றும். தரை கருங்கல், சுற்றிலும் உள்ள கூடத்தைவிட நாலு விரல் பள்ளம். மழை பிடித்தால் நான்கு தாழ்வாரங்களிலிருந்தும் தண்ணீர் அதில் கொட்டும். வீட்டுக்குள் விழும் நீர் லக்ஷ்மியே என்பது சீனரின் நம்பிக்கையாகையால், அது ஒரே பாய்ச்சலில் ஓடிவிடாதபடி வாய்க்காலை வளைத்து வளைத்துக் கொண்டுபோய்த்தான் தெருவில் விடுவார்கள்.

நான் தங்கிய விடுதி ஒரு காலத்தில் கொட்டைப்பாக்குக் கிடங்காயிருந்ததாம். விடுதியைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர் தமிழர். தாத்தா புதுக்கோட்டைச் சீமையிலிருந்து கித்தா என்கிற ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தவர் என்பதற்குமேல் பூர்வீகம் தெரியாதவர். "ஐயா, இந்தியாவுல எந்தப் பக்கம்?" என்று கேட்டு, தேவாரம் என்று நான் சொன்னதும், "தேவாரமா? கோயில்ல பாடுறதுதானே?" என்று சிரித்தார். இரண்டாம் நாள் மழையில் வெளியே போகமுடியாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, படிக்கட்டின் கீழே சுவரின் ஒரு பாகம் மட்டும் பூசாமல் விடப்பட்டிருப்பதைக் காட்டி, காரணம் கேட்டேன். அவர் குனிந்து, செங்கல்லின்மேல் வெள்ளையாகப் பூத்திருந்த பொடியை விரலால் தடவிக் காட்டினார்.

"உப்பு ஐயா. முன்ன இருந்தவங்க சிமெண்ட் பூசிட்டாங்க. அத அடிச்சு எடுத்துட்டு, சுவர ரொம்ப நாள் சும்மா காய விட்டோம். இந்த மூலை இன்னும் காயல."

ஒரு பழைய வீட்டைப் புதுப்பிக்கிற வித்தை முழுவதும் அந்த மூலையில் இருந்தது. கடலோர ஊரில் பூமியின் ஈரம் உப்போடு சேர்ந்து சுவரில் ஏறிக்கொண்டேயிருக்கும். சுண்ணாம்புச் சாந்து அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். தான் கொஞ்சம் உதிர்ந்தாலும் செங்கல்லைக் காப்பாற்றும். சிமெண்டோ வியர்த்த உடம்பின்மேல் மாட்டிய ரப்பர் கோட்டைப்போல ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடுகிறது. அடைபட்ட உப்பு உள்ளேயே இறுகிப் பருத்துச் செங்கல்லை நொறுக்குகிறது. நூறு வருஷம் நின்ற சுவர் இருபது வருஷத்தில் பொக்காகிவிடும். நம் ஊர்க் கோயில் மதில்களிலும் பாட்டன் வீட்டுத் திண்ணைகளிலும், நல்லெண்ணத்தோடுதான், நாம் செய்துவைத்திருக்கும் கைங்கரியமும் இதுவே. சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார் ஒருவர் போடியில் இன்னும் இருக்கிறாரா என்று விசாரிக்க வேண்டும்.

இத்தனை வீடுகள் இடிபடாமல் எவ்வாறு தப்பின என்பது வேடிக்கையான விஷயம். ஊராருக்குப் பழமையின்மீது பக்தி பெருகியதால் அவை தப்பவில்லை. ஒரு வாடகைச் சட்டத்தால் தப்பின. 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு வாடகையை உயர்த்தவோ குடியிருப்பவரை எழுப்பவோ எளிதில் முடியாதபடி 1966-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தது. சொற்ப வாடகையே கிடைத்ததால் வீட்டுக்காரர் பழுது பார்க்கவில்லை. காலி செய்விக்க முடியாததால் இடித்துக் கட்டவும் இல்லை. 1969-இல் பினாங்கின் சுங்கமில்லாத் துறைமுக அந்தஸ்து பறிபோனபின் வியாபாரமும் மந்தித்துவிட்டது. ஒழுகும் கூரையின் கீழ் தட்டாரும் தச்சரும் தையற்காரரும் ஊதுவத்தி உருட்டுகிறவரும் பூட்டுச் சாவி செய்கிறவரும் தங்கள் பாட்டுக்குப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். 1997-இல் பாராளுமன்றம் அந்தச் சட்டத்தை ரத்துச் செய்து, 2000-ஆம் ஆண்டு பிறந்த நாளிலிருந்து தடை முழுவதும் நீங்கியது. வாடகை பல மடங்காயிற்று. மூன்று தலைமுறை ஒரே வாசலில் கடை வைத்திருந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். காலியான வீடுகள் சிலவற்றில் குடியேறியவை உழவாரக் குருவிகள்! சீனர் விரும்பி உண்ணும் அக்குருவிக்கூட்டுக்கு விலை அதிகமாகையால், ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, உள்ளே ஈரத்தைத் தெளித்து, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தத்தை இராப்பகலாய் முழக்கி, வீட்டையே கூடாக்கினார்கள். அண்டை வீட்டாரின் தூக்கமும் அண்டைச் சுவரும் ஒருங்கே கெட்டன.

2008-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் தேதி யுனெஸ்கோ மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் சேர்த்து உலகப் பாரம்பரிய நகரங்களாக அறிவித்தது. ஜார்ஜ் டவுனில் அதன் மையப்பகுதி சுமார் 109 ஹெக்டேர்; ஆயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட பழங்கட்டடங்கள் அதற்குள் அடங்கும். இடிக்கக் கூடாது, முகப்பை மாற்றக் கூடாது, உயர்த்திக் கட்டக் கூடாது என்று விதிகள் வந்தன. குருவிப் பண்ணைகளை 2013 முடிவதற்குள் வெளியேற்றும்படி மாநில சர்க்கார் உத்தரவிட்டது. இடிக்க முடியாத, பெருக்க முடியாத, குடியிருப்பவர் போய்விட்ட வீட்டை வைத்துக்கொண்டு சொந்தக்காரர் என்ன செய்வார்? எட்டு அறையோ பத்து அறையோ கொண்ட ஹோட்டலாக்குவதே அவருக்குக் கண்ணில் பட்ட நேர்வழி.

அந்த வழியை, வாடகைச் சட்டம் மாறுவதற்கு முன்பே காட்டியது, லீத் தெருவிலுள்ள நீல மாளிகை. 1840-இல் சீன நாட்டில் பிறந்து, வெறுங்கையோடு தென்கடல் தீவுகளுக்கு வந்து கோடீசுவரரான சியோங் ஃபாட் ஸீ என்பவர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய மாளிகை அது. முப்பத்தெட்டு அறைகள், ஐந்து முற்றங்கள், ஏழு படிக்கட்டுகள், இருநூற்றிருபது ஜன்னல்கள். சுவருக்கு அவர் அடித்த நீலம், நம் நாட்டிலிருந்து போன அவுரியைச் சுண்ணாம்பில் கலந்து செய்தது. தம் கடைசி மகன் உயிரோடிருக்கும்வரை மாளிகையை விற்கக் கூடாதென்று உயில் எழுதிவைத்துவிட்டு 1916-இல் காலமானார். உயில் காத்தது வீட்டின் உரிமையைத்தான். கூரையைக் காப்பதற்கு அதில் ஷரத்து இல்லை. 1989-இல் கடைசி மகனும் இறந்தபோது உள்ளே ஏராளமான ஒண்டுக்குடித்தனங்கள் இருந்தன. லாரன்ஸ் லோ என்ற கட்டடக் கலைஞரும் நண்பர்களும் அதை வாங்கி, பல ஆண்டுகள் பாடுபட்டுப் பழைய முறைப்படியே செப்பனிட்டு விடுதியாக்கினார்கள்; 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பரிசு அதற்குக் கிடைத்தது. உடைந்த பீங்கான் கிண்ணங்களைக் கத்தரித்து ஒட்டிக் கூரை முகட்டில் பூவும் பறவையும் செய்யும் வேலைக்காகச் சீனாவிலிருந்தே கைவினைஞர்களை வரவழைத்தார்களாம். தங்க வசதியில்லாதவர்கள் சீட்டு வாங்கிச் சுற்றிப் பார்க்கலாம். இதற்குப் பின்னர் ஏழு பழைய வீடுகளின் வரிசையை ஒன்றாக்கிய செவன் டெரசஸ் போன்ற விடுதிகள் அடுத்தடுத்துத் தோன்றின. ஆர்மீனிய சகோதரர்களான சார்க்கீஸ் குடும்பத்தார் 1885-இல் கடலோரத்தில் தொடங்கிய ஈஸ்டர்ன் அண்டு ஓரியண்டல் ஹோட்டல் வேறு கோத்திரம். அது துரைமாருக்கென்றே கட்டிய பெரிய ஹோட்டல்.

தங்கும் அனுபவத்தைச் சொல்வதானால், சுகமும் அசுகமும் ஒரே காரணத்திலிருந்தே பிறக்கின்றன. மேல்மாடித் தரை பலகையாகையால் காலுக்கு இதமாயிருக்கிறது; அதே காரணத்தால் மேலே ஒருவர் பெட்டியை இழுத்தால் கீழே படுத்திருப்பவருக்குத் தூக்கம் போய்விடுகிறது. படிக்கட்டு ஏணிக்குத் தம்பி. லிப்டு வைக்க இடமும் இல்லை, அனுமதியும் சுலபமில்லை. முழங்கால் வலியுள்ள மாமியாரை அழைத்துச் செல்கிறவர்கள் கீழறை உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது குடும்ப அமைதிக்கு உகந்தது. பழைய சுவரைக் குடையக் கூடாதென்பதால் குளியலறையை அறைக்குள்ளேயே கண்ணாடித் தடுப்பு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நம்மவர்களுக்கு இது கொஞ்சம் சங்கோசமான ஏற்பாடு. சில அறைகளுக்கு முற்றத்தைப் பார்த்த ஜன்னலைத் தவிர வேறில்லை. விடியலுக்கு முன்னே பாங்கும், அதற்குப்பின் அம்மன் கோயில் மணியும், பிறகு சீனர் கோயிலின் ஊதுவத்திப் புகையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துசேரும். நேரம் பார்க்கக் கடிகாரம் வேண்டியதில்லை. விடுதியில் அரைவேக்காட்டு முட்டையும் தேங்காய்ப்பால் ஜாம் தடவிய ரொட்டியும் கொடுக்கிறார்கள். நான் அதை மரியாதைக்குக் கொறித்துவிட்டு, கடைத்தெருவுக்குப் போய்த் தோசை சாப்பிட்டேன். மத்தியானத்துக்கு, தமிழ் முஸ்லிம்கள் தோளில் கம்பு கட்டிச் சோறு சுமந்து விற்றதில் தொடங்கிய நாசி கண்டார் இருக்கவே இருக்கிறது.

இந்தச் சிறு விடுதிகளால் ஊர் பிழைத்ததா, கெட்டதா என்று அங்கே இரண்டு கட்சி உண்டு. வீடு நிற்கிறது, ஆனால் வீட்டுக்குள் இருந்த பிழைப்பு போய்விட்டது; தட்டாரின் பட்டறை இருந்த இடத்தில் தட்டாரின் உலைத்துருத்தியை அலங்காரமாக வைத்திருக்கிறார்கள் என்பது ஒரு கட்சி. துருத்தியாவது இருக்கிறதே, இல்லாவிட்டால் குருவி எச்சம்தானே இருந்திருக்கும் என்பது மறு கட்சி. என் அபிப்பிராயம் இரண்டாம் கட்சியை ஒட்டியதுதான். ஆனாலும் ஒரு நிபந்தனை சேர்ப்பேன். ஒரு தெருவில் நாலு வீட்டில் ஒன்று விடுதியாயிருந்தால் அது விருந்தாளியைத் தெருவுக்கு அழைத்துவருகிறது. நாலும் விடுதியாகிவிட்டால் விருந்தாளி பார்ப்பதற்கு எதிர்வீட்டு விருந்தாளியைத் தவிர வேறு யாரும் இரார். வீட்டுக்காரரோடு குடியிருப்பவரையும் நிலைநிறுத்தும்படி பழுதுபார்ப்புக்குப் பண உதவி தருகிற திங்க் சிட்டி என்ற ஸ்தாபனம் 2009 முதல் அங்கே இயங்குகிறது. அந்த நோக்கு நியாயமானது.

நமக்கு இது வெறும் வெளிநாட்டுச் செய்தியாக இருக்க வேண்டியதில்லை. போடிமெட்டுக்கு அப்பால் சூரியநெல்லி, சின்னக்கானல் பக்கங்களில் ஏலத்தோட்டத்து பங்களாக்கள் ஹோம் ஸ்டேக்களாக மாறி வருவதைப் பார்க்கிறோம். அடிவாரத்து ஊர்களிலோ, ஏலக்காய் நல்ல விலை விற்ற வருஷங்களில் தேக்குத் தூணும் மெத்தை மாடியுமாகக் கட்டிய வீடுகள், பங்காளிகள் ஐவரில் மூவர் கையெழுத்துக்கு வராததால் பூட்டியபடி கிடக்கின்றன. மலைக்குப் போகிற சுற்றுலாக்காரர் போடியில் டீ குடிக்க மட்டும் நிற்கிறார். அவரை ஓர் இரவு நிறுத்திவைக்க நம்மிடம் காட்சி இல்லாமலில்லை. ஏலக்காய் தரம் பிரிப்பதைப் பார்க்கவே தூரதேசத்தார் வருவார்கள்.

போக விரும்புகிறவர்களுக்கு: சென்னையிலிருந்து பினாங்குக்கு நேர் விமானம் 2024 டிசம்பரில் தொடங்கியது. 2023 டிசம்பர் முதல் இந்தியருக்கு முப்பது நாள்வரை விசா வேண்டியதில்லை. அந்தச் சலுகையை 2026 இறுதிவரை நீட்டியிருக்கிறார்கள். அறை வாடகைக்கு மேல், வெளிநாட்டாரிடம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்குப் பத்து வெள்ளி சுற்றுலா வரி தனியே வாங்குவார்கள். விடுதிக்காரர் ஏமாற்றுகிறார் என்று சண்டை பிடிக்க வேண்டாம். தைப்பூசத்தையொட்டிப் போவதானால் பல மாதம் முன்னதாகவே இடம் சொல்லி வைக்க வேண்டும். காரைக்குடியில் செய்து 1894-இல் கப்பலேற்றிய நகரத்தாரின் வெள்ளித்தேர், பூசத்துக்கு முந்தின நாள் விடியலில் பினாங்குத் தெருக் கோயில் வீட்டிலிருந்து புறப்பட்டுத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும்போது, வழியெல்லாம் தமிழரோடு சீனரும் மலைமலையாகத் தேங்காய் குவித்து உடைப்பார்கள். அந்த வாரத்துக்குத் தெருவைப் பார்த்த மாடி அறை வேண்டுமென்று குறிப்பிட்டு எழுதுங்கள். வாடகை கூடத்தான் இருக்கும். மற்ற நாட்களில் அதே அறையை வேண்டாமென்று எழுதுவது உத்தமம், ஏனெனில் விடியற்காலை நாலரை மணிக்குக் குப்பை லாரி அந்த ஜன்னலுக்குக் கீழேதான் வந்து நிற்கும்.